தொட்டியில் எழுதிய இருபது எண்

லெனார்ட் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எட்டு வயதில் முதன்முதலாக என் கடைக்குள் வந்தபோதும் நின்றபடியேதான் ஐஸ் தின்றான், கால் மாற்றிக் கால் மாற்றி. அவன் அப்பா போன பிறகு மாட்டுப் பண்ணையிலிருந்து ஆஸ்திரேலியாவின் நடுவில் இருக்கும் இந்தச் சின்ன ஊருக்கு, டெனன்ட் கிரீக்குக்குக் குடிவந்த புதிது. இப்போது வயது முப்பத்து மூன்று. நடுவில் பண்ணைகளுக்கு வேலி போட்டான், கால்பந்து ஆடினான், முழங்கால் போயிற்று, கவுன்சிலில் மண்சாலை நிரவும் வண்டிக்கு ஓட்டுநரானான், ஜானெல்லைக் கட்டிக்கொண்டான். எல்லாமே ஓட்டத்தில் நடந்தவை. காலில் சக்கரம் கட்டியவன் என்று சொல்வதுண்டு. இவன் தூங்கும்போதும் அதைக் கழற்றுவதில்லை.

இங்கே நவம்பர் கோடை. அப்போது ஊரே நிலைகொள்ளாமல் ஆகிவிடும். தினமும் மூன்று மணிக்கு மேகம் கூடும், உறுமும், ஒரு சொட்டுகூடப் போடாமல் கலைந்துபோகும். நாற்பத்து மூன்று, நாற்பத்து நான்கு டிகிரி. புருஷன் பெண்டாட்டி சும்மா சும்மா சண்டை போடுவார்கள். நாய்கள் நிழலுக்காக ஒன்றையொன்று கடிக்கும். நானும் நல்லவள் இல்லை. அந்த மாதத்தில் என் கவுன்டரில் சில்லறை கேட்டவர்கள் வாங்கிக் கட்டிக்கொண்டுதான் போவார்கள்.

நான் ரொட்டி விற்கிறேன், டின் இறைச்சி விற்கிறேன், உறைந்த கங்காரு வால் விற்கிறேன், கரன்ட்டும் விற்கிறேன். இங்குள்ள வீடுகளுக்கு மாதக் கடைசியில் பில் வராது. முதலில் காசு, பிறகு கரன்ட். காசைக் கொடுத்தால் என் மெஷின் ஒரு சீட்டைத் துப்பும். அதில் இருபது எண் இருக்கும். அதை வீட்டுப் பெட்டியில் அழுத்தினால் விளக்கு எரியும். தீர்ந்தால், ராத்திரியில் வெட்ட மாட்டார்கள், அந்த மட்டும் தர்மம் உண்டு. காலை பத்து மணிக்கு, சூரியன் உச்சிக்கு ஏறும் நேரம் பார்த்து வெட்டுவார்கள். கோடையில் இருபது டாலர் ஒன்றரை நாள் நிற்காது. "நேத்துதானே அத்தை வாங்கினேன், எங்க போச்சு?" என்று என்னைக் கேட்பார்கள், நான் ராத்திரி எழுந்து வந்து குடித்துவிட்ட மாதிரி.

அத்தை என்பது சும்மா கூப்பிடுவது இல்லை. நான் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். வந்த வருஷமே, முறை இல்லாமல் ஒருத்தி எப்படி நடமாடுவது என்று இங்குள்ள பூர்வகுடிப் பெரியவர்கள் கூடிப் பேசி, லெனார்டின் அப்பாவுக்கு என்னைத் தங்கையாக்கிவிட்டார்கள். ஆகவே அவனுக்கு அத்தை. அவன் மாமியாருக்குச் சம்பந்தி.

அந்த மாமியார் பெயர் மே. லெனார்ட் அந்தப் பெயரை வாயில் வைக்க மாட்டான். மாமியார் பெயரைச் சொல்வது எங்களில் பெரிய வெட்கக்கேடு. நாட்காட்டியில் மே மாதம் வந்தால்கூட அவனுக்கு அது ஏப்ரலுக்கு அடுத்த மாதம்தான். பெயர் மட்டுமில்லை. மாமியாரும் மருமகனும் முகம் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது, ஒரே அறையில் இருக்கக் கூடாது. பகை ஒன்றும் இல்லை, மரியாதை. பகையாக இருந்தால் எதிரெதிரே உட்கார்ந்து சண்டையாவது போடலாம்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு மேக்குச் சர்க்கரை ஏறி, கண் மங்கி, ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஊருக்கு வெளியே அவள் இருந்த தகர வீட்டில் மின்விசிறிகூட ஒழுங்காகச் சுற்றாது. குளிர்ந்த அறையில் இருக்க வேண்டும், இன்சுலினை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும் என்று நர்ஸ் சொல்லி அனுப்பினாள். மகள் வீட்டுக்குத்தான் வர முடியும். மகள் வீட்டில் ஏசி இருப்பது ஒரே அறையில், முன்னறையில். அன்றைக்கே லெனார்ட் தன் மெத்தையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கத் தாழ்வாரத்துக்குப் போனான். ஒருவரும் அவனைப் போகச் சொல்லவில்லை. சொல்லவேண்டிய விஷயமே இல்லை அது.

சம்பளத்தில் பாதி அந்த ஏசிக்குப் போகும். மீதியில் சாப்பாடு. ஒரு முட்டைக்கோஸ் ஒன்பது டாலருக்கு நானே விற்கிறேன், எனக்கே கூச்சமாக இருக்கும். "ஏன்டா, நீ காசு கட்டற குளிரை ஒரு நாளாவது அனுபவிச்சிருக்கியா?" என்று ஒருமுறை கேட்டேன். "அவங்க கிளினிக் போற அன்னைக்கு உள்ள போவேன் அத்தை. ஆனா ஜானெல் ஏசிய அணைச்சிடுவா. ஆளில்லாம எதுக்கு ஓடணும்?" என்றான். சிரிக்கவில்லை. அவனும் ஒரு ஆள் என்று அவனுக்கே தோன்றவில்லை.

ஜானெல் இருக்கும்வரை எல்லாம் ஓடியது. அவள்தான் இருவருக்கும் நடுவில் தபால்காரி. அவன் சீட்டு வாங்கி வருவான், அவள் எண்ணை அழுத்துவாள். ஏனென்றால் அந்தப் பாழாய்ப்போன பெட்டி இருந்தது முன்னறையில், மே படுக்கும் மெத்தைக்கு நேர் மேலே. எந்தப் புண்ணியவான் அங்கே மாட்டினானோ.

இந்த நவம்பரில் ஜானெல் பிரசவத்துக்காக ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் போனாள். இங்கே பிரசவம் பார்ப்பதில்லை. மூன்று வாரம் முன்னதாகவே ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளிப் போய்க் காத்திருக்க வேண்டும். பஸ் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"அம்மாவுக்கு இன்சுலின் கெட்டுடக் கூடாது அத்தை. கரன்ட் போச்சுன்னா ரெண்டும் போச்சு, மருந்தும் போகும், அம்மாவும் போகும். நான் திரும்பி வர்றப்ப அம்மாவும் லெனார்டும் இருக்கணும்."

"நான் பாத்துக்கறேன், நீ புள்ளையப் பாரு" என்றேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு லெனார்ட் சீட்டோடு கவுன்டரில் நின்றான். கால் மாற்றிக் கால் மாற்றி.

"இதை எப்படி அத்தை உள்ள அனுப்பறது? கதவுக்கு அடியில தள்ளினா அவங்களுக்கு இவ்ளோ சின்ன எழுத்து தெரியாது."

"நான் வந்து அழுத்தறேன்."

"தினமுமா? காலைல ஆறு மணிக்குக் கடையில கூட்டத்தை விட்டுட்டா?"

அப்போது நான் ஒரு யோசனை சொன்னேன். அந்த யோசனை என்னுடையது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மறைத்தேன் என்று இருக்க வேண்டாம். முன்வாசலுக்கு எதிரே தகரத் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அதில் சுண்ணக்கட்டியால் பெரிதாக எழுதிவிட்டு வேலைக்குப் போ, நீ போனதும் அவள் வெளியே வந்து பார்த்து அழுத்திக்கொள்வாள் என்றேன். மேயிடமும் போய்ச் சொன்னேன். "நல்லா இருக்கே சம்பந்தி, எங்களுக்கும் பள்ளிக்கூடம் வெச்சிட்டியா?" என்று சிரித்தாள்.

ஐந்து நாள் நன்றாகவே நடந்தது. லெனார்ட் எழுதுவான், போய்விடுவான். கோடையில் அவனுக்கு வேலை ஐந்து மணி நேரம்தான், நண்பகலுக்கு முன்பே முடிந்துவிடும். அதற்குப் பிறகும் வீட்டுக்குப் போக மாட்டான். ஜானெல் இல்லாத வீட்டில், பகலில், மாமியார் தண்ணீர் குடிக்கவோ கழிப்பறைக்கோ வெளியே வந்தால் தான் எதிரே நிற்கக் கூடாது என்று ஊரைச் சுற்றுவான். பெட்ரோல் பங்க், நூலகம், மூடிக்கிடக்கும் மைதானம், என் கடை, மறுபடி பங்க். அந்த வெயிலில். கடையில் வந்து குளிர்பான அலமாரியைத் திறந்து, எதுவும் எடுக்காமல் மூடுவான்.

"உட்காரேன்டா."

"இல்ல அத்தை, போகணும்."

"எங்க?"

கதவைத் தள்ளிக்கொண்டு வெயிலில் இறங்கிவிடுவான். ஜானெல் கடை போனுக்கு மாலையில் கூப்பிடுவாள். நின்றுகொண்டே பேசுவான், ஒயர் எட்டும் தூரம்வரை நடந்து நடந்து.

ஆறாம் நாள் செவ்வாய்க்கிழமை. காலையில் வழக்கம்போல் முப்பது டாலருக்கு வாங்கினான், தொட்டியில் எழுதினான், வேலைக்குப் போனான். மதியம் இரண்டு முறை கடைப் பக்கம் வந்துபோனான். மூன்று மணிக்கு மேகம் உறுமிக்கொண்டிருந்தபோது ஓடிவந்தான். நொண்டிய முழங்காலோடு அவன் ஓடி நான் பல வருஷமாகப் பார்க்கவில்லை.

"அத்தை, சொட்டலை."

"என்னடா சொட்டலை?"

"ஏசி. குடிக்கத் தண்ணி எடுக்க பின்பக்கமாப் போனேன். நம்ம நாய் டிங்கர் எப்பவும் ஏசித் தண்ணி சொட்டற எடத்துலதான் படுத்திருக்கும். இன்னைக்கு அங்க இல்ல. மண்ணு காஞ்சு கெடக்கு."

"கதவத் தட்டினியா?"

நான் ஏதோ அசிங்கமாகச் சொன்னதுபோல் பார்த்தான். "கூரை மேல கல்லுப் போட்டேன். மூணு. பெரிய கல்லு. உள்ள சத்தமே இல்ல."

கடையை அப்படியே போட்டுவிட்டு வேனை எடுத்தேன். கதவைத் திறந்ததும் உள்ளிருந்து வந்த சூடு முகத்தில் அறைந்தது. மே மெத்தையில் ஒருக்களித்துக் கிடந்தாள். கண் பாதி திறந்திருந்தது, உதடு வெடித்திருந்தது. தொட்டால் கொதித்தது, ஆனால் ஒரு சொட்டு வியர்வை இல்லை. பெட்டியில் சைபர். பத்து மணிக்கே வெட்டியிருக்கிறார்கள். ஐந்து மணி நேரம். ஃபிரிட்ஜுக்கு வெளியே தண்ணீர் ஓடிக் குளமாகியிருந்தது.

"சீட்டு எங்கடா?" என்று கத்தினேன்.

"வண்டில கெடக்கு, கவுன்சில் ஷெட்ல." அவன் வாசலுக்கு வெளியே முதுகைக் காட்டி நின்றிருந்தான். "நான் சொல்றேன் அத்தை, எனக்கு மனப்பாடம். காலைல பூரா வண்டில அதத்தான் சொல்லிட்டுப் போனேன், வேற என்ன வேலை."

அவன் ஒவ்வொன்றாகச் சொல்ல நான் அழுத்தினேன். நாலு, ஒண்ணு, ஒண்ணு, எட்டு என்று இருபதும். பெட்டி கீச்சென்றது. ஏசி மேலே பெருமூச்சு விட்டுக்கொண்டு எழுந்தது.

ஒரு போர்வையை வாளியில் முக்கி அவள்மேல் போட்டேன், தலையில் தண்ணீர் ஊற்றினேன். "மே, மே" என்று கன்னத்தைத் தட்டினேன். ஏதோ முனகினாள், அவ்வளவுதான். ஆஸ்பத்திரி மூன்று தெரு தள்ளி. வேன் வாசலில். ஆனால் அவள் என்னைப் போல் இரண்டு பங்கு. தோளைப் பிடித்து இழுத்தேன், மெத்தைதான் நகர்ந்தது.

"லெனார்ட், உள்ள வா."

முதுகைக் காட்டியபடியே நின்றான்.

"தூக்க ஆள் வேணும்டா."

"என்னால முடியாது அத்தை. வேற யாரையாவது கூப்பிடு."

"தெருவுல காக்கா கூட இல்ல, யாரைக் கூப்பிடறது? செத்துப் போயிடுவா."

அவன் வாசற்படியில் சுற்றிச் சுற்றி நடக்கும் சத்தம் கேட்டது. அவன் பயந்தது எதற்கு என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. யாரும் அடிக்கமாட்டார்கள், அபராதம் இல்லை. ஆனால் இரண்டு வருஷமாகத் தாழ்வாரத்தில் வெந்து அவன் சேர்த்து வைத்திருந்தது அந்த மரியாதை ஒன்றைத்தான்.

"அவங்களை மூடு" என்றான் கடைசியில். "தலையோட மூடு."

மூச்சுக்கு மட்டும் இடம் விட்டு ஈரப் போர்வையால் சுற்றினேன். அவன் சட்டையைக் கழற்றி முகத்தில் கட்டிக்கொண்டு, முதுகு முன்னால் வர, பின்னோக்கி நடந்து உள்ளே வந்தான். "இன்னும் ரெண்டடி, இடது பக்கம், இப்ப குனி" என்று நான் சொல்லச் சொல்ல, திரும்பி, தடவி, போர்வையோடு சேர்த்து அவளை அள்ளி எழுந்தான். எழுந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"ஏன்டா நிக்கற? நடடா."

நின்றது இரண்டு நொடி இருக்கும். பிறகு நடந்தான். அந்தச் சமயத்தில் எனக்கு அவன் கன்னத்தில் அறையலாம் போலிருந்தது. வேனைக் கிளப்பும்போதுதான் உறைத்தது. அதற்குள் அறை லேசாகக் குளிர்ந்திருந்தது, அவன் வெற்று முதுகில் ஏசிக் காற்று நேராகப் பட்டிருக்கிறது. இரண்டு வருஷம் காசு கட்டிய குளிரை அவன் தொட்டது அன்றுதான், அதுவும் கண்ணைக் கட்டிக்கொண்டு. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதேன். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாத அழுகை.

ஆஸ்பத்திரியில் நான் அவளோடு உள்ளே ஓடிவிட்டேன். வேனுக்குப் பின்னாலேயே ஓடிவந்தவனை வாசலில் புதிதாக வந்த நர்ஸ் பிடித்துக்கொண்டாள்.

"நோயாளி பேரு?"

"ஏப்ரலுக்கு அடுத்த மாசம்."

"பிறந்த மாசம் கேக்கலைங்க, பேரு."

"அதான் சொல்றேனே. ஏப்ரலுக்கு அடுத்தது."

நான் வந்து மீட்காவிட்டால் அவனையும் ஒரு கட்டிலில் படுக்கவைத்திருப்பாள்.

மே பிழைத்தாள். மறுநாள் வாய் திறந்ததும் நடந்ததைச் சொன்னாள். எண்ணைப் பார்த்துத்தான் அழுத்தியிருக்கிறாள். லெனார்ட் ஒன்றுக்குத் தலையில் குல்லா வைத்து எழுதுவான்; இவள் மங்கிய கண்ணுக்கு அது ஏழு. அதுவரை ஒன்றா ஏழா என்று மாற்றி மாற்றி அழுத்தி எப்படியோ தப்பியிருக்கிறாள். இந்தச் சீட்டில் இரண்டு ஒன்றுகள் அடுத்தடுத்து. நாலு தடவை தப்பாக அழுத்த, பெட்டி சில மணி நேரத்துக்குப் பூட்டிக்கொண்டது.

"வெளிய வந்து யாரையாவது கூப்பிட்டிருக்கக் கூடாதா?"

"அந்தப் புள்ள எந்நேரம் வேணா தண்ணி எடுக்க வரும். நான் வாசல்ல போய் உட்கார்ந்தா அது எங்க போகும் பாவம், இந்த வெயில்ல?"

அவன் வெளியே சுற்றியது அவளுக்காக. அவள் உள்ளே கிடந்தது அவனுக்காக. வாயைத் திறந்து இருபது எண்ணைச் சொல்லியிருந்தால் போதும். என் தலையில் நானே அடித்துக்கொண்டேன், சுண்ணக்கட்டி கொடுத்தவள் நான்தானே.

லெனார்ட் இரண்டு நாள் கடைப் பக்கம் வரவில்லை. அணைக்கட்டுவரை நடந்துபோய் நடந்துவந்தான் என்று கேள்வி. மூன்றாம் நாள் வந்து, அலமாரியைப் பார்த்தபடி கேட்டான்.

"யார் தூக்கினதுன்னு அவங்களுக்குத் தெரியுமா?"

"நான்தான் தூக்கினேன்னு சொல்லிட்டேன்."

அப்படித்தான் சொல்லியிருந்தேன். மே என் கையை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒரு மாவு மூட்டையத் தூக்கத் தெரியுமா உனக்கு, சம்பந்தி?" என்றாள். பிறகு சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அவள் வீடு திரும்பிய பிறகு தொட்டி வேலை நின்றது. லெனார்ட் காலையில் வாசலுக்கு முதுகு காட்டி நின்று, நாயிடம் சத்தமாகச் சொல்வான். "டிங்கர், கேட்டுக்கோ. ஆறு. மூணு. ஒண்ணு." உள்ளே மே அழுத்துவாள். சரியாக விழுந்தால், "டிங்கர், போதும்" என்று பதில் வரும், அதுவும் நாய்க்குத்தான். அந்த நாய் இவ்வளவு மரியாதையை ஜென்மத்தில் கண்டதில்லை.

அடுத்த வார வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு மே கடைக்கு வந்தாள். துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, பால் பெட்டியைக் கவிழ்த்து அலமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். எதுவும் வாங்கவில்லை.

"இந்த வெயில்ல எதுக்கு வந்த? வீட்ல ஏசி இல்லையா?"

"ஓடிட்டிருக்கு."

"அணைக்காமலா வந்த? காசு வீணாகுதே."

"வீணா எங்க போகுது?" என்றாள். "கதவையும் திறந்து வெச்சிட்டு வந்திருக்கேன். நான் தெருவுல போறத அந்தப் புள்ள பங்க்ல நின்னு பாத்துச்சு."

எனக்குப் புரிந்தது. ஆனால் அவனுக்குப் புரியவில்லை. அரைமணியில் கடை வாசலைக் கடந்து மைதானத்துப் பக்கம் போனான். வீட்டுக்குள் போயிருக்கிறான், ஆளில்லாமல் ஓடுகிறதே என்று அணைத்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டு வந்திருக்கிறான். சனிக்கிழமையும் அதே கதை. நான் சொல்கிறேன் என்றேன். மே கையை ஆட்டினாள். "சொல்லாத. சொன்னா வெக்கப்படும். ஏன்னு யோசிக்கும். வேணாம்."

ஞாயிற்றுக்கிழமை நாற்பத்து நான்கு டிகிரி. இரண்டு மணிக்கு வந்தாள், உட்கார்ந்தாள், பையைத் துழாவி ஒன்றை எடுத்துக் கவுன்டரில் வைத்தாள். ஏசியின் ரிமோட்.

"இப்ப அணைக்கட்டும் பாக்கலாம்" என்றாள்.

மூன்று மணி ஆயிற்று. மேகம் வந்து உறுமியது. நான் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பங்க்கில் அவன் இல்லை, மைதானத்துப் பக்கம் இல்லை. நாலு மணி. அந்தத் தெருவில் அவன் நடக்காத ஒரு மதியத்தை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

நாலரைக்குக் கதவு திறந்தது. மே சட்டென்று அலமாரிக்குப் பின்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். லெனார்ட் கவுன்டருக்கு வந்தான். கண் சிவந்திருந்தது, தலை கலைந்திருந்தது, ஒரு கன்னம் முழுக்கப் பாயின் வரிகள். ரிமோட்டைப் பார்த்தான். கால் மாற்றவில்லை, இரண்டு காலிலும் நின்றிருந்தான்.

"முப்பதுக்குப் போடு அத்தை" என்றான். பிறகு, "இல்ல, நாப்பதுக்குப் போடு. நாளைக்கும் ஓடணும்."